மஞ்சள் பூசிய குழாய்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கணக்கில் தப்பு என்றால் இன்னும் சீக்கிரம் வரும். ஆரணியில் நகராட்சி மனமகிழ் மன்றம் கட்டிய நாட்களில் நான் அதிகம் திட்டியது எங்கள் ஓவர்சீயரைத்தான். பாவம், எனக்கு அப்பா வயது. அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்த காலையில் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு பயந்துபோயிருந்தேன்.

எழுபதுகளின் பின்பாதி அது. பட்டுக்கடை ஒன்றின் மாடியில் அறை எடுத்து, ஒரு வரைபலகையும் ஸ்லைடு ரூலும் வைத்துக்கொண்டு கட்டட வடிவமைப்பு செய்துகொண்டிருந்தேன். அரிசி மில் கொட்டகைகள், ஒரு கல்யாண மண்டபம், வந்தவாசிப் பக்கம் இரண்டு பள்ளிக்கூடங்கள். அதுவரை என் பெருமை அவ்வளவுதான். மனமகிழ் மன்றம் ஊருக்கே புதுசு. கீழே படிப்பறை, கேரம் அறை, டேபிள் டென்னிஸ் அறை. மேலே மேடையோடு ஐந்நூறு பேர் உட்காரும் கூடம். காலையிலிருந்து தறிக்குழியில் காலை விட்டுக் குனிந்தே இருக்கிறவர்கள் சாயங்காலம் நிமிர்ந்து உட்கார ஓர் இடம் வேண்டாமா என்று பூமி பூஜையன்று மேடையில் ஒருவர் பேசினார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அந்த ஐந்நூறு பேரின் பாரத்தையும் மண்ணில் கொண்டுபோய் இறக்க வேண்டியது என் வேலை.

அந்த மண் என் மாமியார் வீட்டு மண். மாமனார் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். அவர் காலமான பிறகு வீட்டையும் பின்னாலிருந்த சாயக் கொட்டகையையும் நகராட்சி வாங்கிக்கொண்டு இடித்தது. என் மனைவி ஒரே மகள் என்பதால் மாமியார் எங்களோடு வந்துவிட்டார். வந்த நேரமும் சரியாக இருந்தது. அஸ்திவாரத்துக்குத் தோண்ட ஆரம்பித்தபோது என் மனைவிக்கு நாலாம் மாசம். அதற்கு முன் இரண்டு முறை உண்டாகி இரண்டும் நிற்கவில்லை. முதலாவது ஐந்தில் போனது, இரண்டாவது ஏழில். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. தொட்டிலை மட்டும் பரணிலிருந்து இறக்காமல் வைத்திருந்தோம்.

மண்ணைச் சோதிக்க நாலு மூலையிலும் நடுவிலும் ஆறடிக்குக் குழி வெட்டினோம். மேலே இரண்டடி அரிசி மில் சாம்பல். அந்த ஊரில் எந்தப் பள்ளத்தைத் தூர்க்கவும் அதைத்தான் கொட்டுவார்கள். அதற்குக் கீழே நல்ல கெட்டி மண். படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: இடத்தில் பழைய கிணறு, குழி, சாக்கடை ஏதேனும் உள்ளதா? தெருவில் ஐந்து வீட்டில் கேட்டேன். ஐந்து பேரும் இல்லை என்றார்கள். ராத்திரி சாப்பிடும்போது மாமியாரையும் கேட்டேன்.

"இல்லீங்க மாப்ள. தெருக் கிணத்துலருந்துதான் எடுத்துகினு இருந்தோம்" என்று சொல்லிவிட்டு ரசம் எடுக்க உள்ளே போனார். ரசம் என் இலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் அதைக் கவனிக்கத்தான் செய்தேன், ஆனால் வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். சாயம் போடுகிற வீட்டில் கிணறு இல்லாமல் எப்படி என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். நான் படித்தவன், கேட்கவில்லை. படிவத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மனையின் வடகிழக்கு மூலையில், வரப்போகும் சுவருக்குப் பத்தடி வெளியே, ஒரு இரும்புக் குழாய் தரையிலிருந்து ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருந்தது. சாய நூல் காயப்போடக் கயிறு கட்டின கம்பம் என்று எடுத்துக்கொண்டேன். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. எந்தக் கட்டடத்துக்கும் அசையாத ஒரு புள்ளி வேண்டும். அதன் உயரத்தை நூறு மீட்டர் என்று வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லா மட்டத்தையும் அளப்போம். பெஞ்ச் மார்க் என்று அதற்குப் பெயர். அந்தக் குழாயின் தலையையே பெஞ்ச் மார்க் ஆக்கினேன். யாரும் இடித்துவிடாமலிருக்கச் சுற்றிச் செங்கல் கட்டி, சிவப்பு அம்புக்குறியும் போட வைத்தேன்.

முதல் வெள்ளிக்கிழமையே அதில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. சித்தாள்கள் வேலை என்று நினைத்தேன். புதுக் கலவை மெஷினுக்கே மாலை போடுகிறவர்கள், குழாயை விடுவார்களா? என் கவலையெல்லாம் அளவுகோலின் அடியில் மஞ்சள் ஒட்டி ஒரு மில்லிமீட்டர் கூடுகிறதே என்பதுதான். துடைக்கச் சொன்னேன். அடுத்த வெள்ளி மறுபடி இருந்தது. அதற்கடுத்த வெள்ளியும். சித்தாள்களைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை தோறும் நானே துணியால் துடைத்தேன்.

அஸ்திவாரச் சுவருக்குள் மண் நிரப்பித் தண்ணீர் விட்டு இறுகவைத்தோம். மற்ற இடமெல்லாம் தண்ணீர் தேங்கி ஒரு நாள் கழித்து வற்றியது. வடகிழக்கு மூலையில் மட்டும் ஊற்ற ஊற்ற உள்ளே போனது.

"இந்த மூல மட்டும் குடிச்சிகினே இருக்குது சார்" என்றார் மேஸ்திரி.

"சாம்பல் மண்ணு, குடிக்கத்தான் செய்யும். இன்னும் ஊத்துங்க" என்றேன். இன்னும் ஊற்றினார்கள்.

தூண்கள் எழுந்து முதல் மாடித் தளம் போட்டு முடித்த வாரம், ஓவர்சீயர் மட்டப் புத்தகத்தோடு என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், தூணுங்க எல்லாம் மேல வந்திருக்குது. ரெண்டு சென்டி."

"கட்டடம் என்ன வெண்டைக்காய்ச் செடியா, வளர்றதுக்கு?"

"மூணு தடவ எடுத்துட்டேன் சார். எல்லாத் தூணும் ரெண்டு. வடகிழக்கு மூலத் தூணு மட்டும் ஒண்ணரை."

கண்ணாடியை மாற்றுங்கள் என்றேன். மட்டம் பார்க்கும் கருவியை வெயிலில் வைத்து அளந்தால் இப்படித்தான் என்றேன். இன்னும் சிலவும் சொன்னேன், அவற்றை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவர் புத்தகத்தை மூடி மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கவனக்குறைவாக அளந்தவன் எண்கள் தாறுமாறாக இருக்கும். இவை ஒழுங்காக இருந்தன. எல்லாம் இரண்டு, ஒன்று மட்டும் ஒன்றரை. கட்டடம் உயராது. அப்படியென்றால் இறங்கியது குழாய். குழாயைவிடக் குறைவாக, ஆனால் மற்ற தூண்களைவிட்டுத் தனியாக, அந்த மூலைத் தூணும் அரை சென்டி இறங்கியிருந்தது. ராத்திரி முழுக்க வேறு ஒரு காரணம் கிடைக்காதா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் நானே கருவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தெருக்கோடியில் ஒரு கல் மதகு உண்டு, எத்தனையோ மழை பார்த்தது. அதிலிருந்து மட்டம் எடுத்து வந்தால் குழாயின் வண்டவாளம் தெரிந்துவிடும். ஆனால் தெரு நெடுக நெசவுக்குப் பாவு இழுத்திருந்தார்கள். அரக்குச் சிவப்பில் பட்டு இழைகள் இடுப்பளவு உயரத்தில் என் பார்வையைக் குறுக்கே மறித்தன. "நூல் மேல கை படாம பாத்துக்கங்க சார்" என்றார் ஒருவர். இன்னொருவர், "இன்னும் அந்த மூலயத்தான் அளந்துகினு இருக்கீங்களா?" என்று கேட்டார். எந்த மூலை என்று நான் சொல்லவேயில்லை. நிமிர்ந்து பார்த்தேன், அவர் இழையில் முடிச்சுப் போடக் குனிந்துகொண்டார்.

பாவுக்கு அடியில் கருவியைத் தாழ்த்தி, தெருவில் முழங்கால் போட்டு மட்டம் எடுத்தேன். மதகிலிருந்து பார்த்தால் தூண்கள் எல்லாம் வரைபடத்தில் நான் போட்ட உயரத்திலேயே நின்றன, மூலைத் தூணைத் தவிர. குழாய் இரண்டு சென்டிமீட்டர் கீழே போயிருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. நான் மனைக்குள் நுழைந்தபோது குழாய் முன்னால் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். என் மாமியார்.

என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. பூசி முடித்துப் பொட்டு வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"சாயத் தண்ணி எறங்கி கிணறு கெட்டுப் போச்சுங்க மாப்ள. குடிச்சா நாக்குல நீலம் நிக்கும். மூடிடலாம்னாரு உங்க மாமா. மண்ணு கொட்டி மூடுனா வம்சத்துக்கு ஆவாதுன்னு நான்தான் அழுதேன். கல்லு போட்டு, அது மூச்சு விட இந்தக் குழாய வெச்சாரு."

"அன்னிக்கே கேட்டேனே. ஏன் சொல்லல?"

"மூடிட்டோம்னு வாயால சொல்லக் கூடாதுங்க. தெருவுல யாரும் சொல்ல மாட்டாங்க." மஞ்சள் கையைப் புடவையில் துடைத்தபடி, "கல்லு போட்ட அப்புறம்தான் எம் பொண்ணுக்கு ரெண்டும் நிக்கல" என்றார்.

எனக்குக் கத்த வரவில்லை. அந்தத் தெருக்காரர்கள் ஐந்து பேரும் பொய் சொன்னது என்னை ஏமாற்ற இல்லை. இன்னொரு வீட்டின் வம்சத்தைக் காப்பாற்ற. அதைக் காப்பாற்ற நினைத்து அந்த மூலையின்மேல் ஐந்நூறு பேரை உட்காரவைக்கப் பார்த்தார்கள்.

வேலையை நிறுத்தி, ஓவர்சீயரையும் இரண்டு ஆட்களையும் மட்டும் வைத்துக்கொண்டு தோண்டினேன். மூன்றடியில் கல் பலகைகள். ஒன்று சாய்ந்து குழாயையும் இழுத்துக்கொண்டு இறங்கியிருந்தது. அதை நகர்த்தினதும் பழைய சாயத்தின் நெடி குப்பென்று வந்தது. ஓவர்சீயர் ஒரு ஜல்லியை உள்ளே போட்டார். சத்தம் வர நேரமாயிற்று. வெளிச்சம் காட்டிப் பார்த்தோம். எட்டடி அகலக் கிணறு. கட்டடத்தின் பக்கம் இருந்த செங்கல் உறை உள்பக்கமாக வயிறு தள்ளியிருந்தது. செங்கல் ஒன்று பெயர்ந்து விழுந்த இடத்தில் மண் மெதுவாக உதிர்ந்துகொண்டே இருந்தது. அதிலிருந்து நாலடியில் என் தூணின் அடித்தளம். அன்று அதன்மேல் இறங்கியிருந்தது பாதிப் பாரம்கூட இல்லை.

"நிரப்பிடலாம் சார். மணலும் கான்கிரீட்டும், ரெண்டு நாள்" என்றார் ஓவர்சீயர். சரியான யோசனை. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதுதான் இருக்கும்.

வீட்டுக்குப் போனேன். மனைவிக்கு அன்று ஏழாம் மாசம் பிறந்து எட்டு நாள். விஷயம் எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது.

"உனக்கும் தெரியுமா?" என்றேன்.

"தெரியும். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு நெனைக்காதீங்க" என்றாள். பிறகு கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி, "மூடாதீங்க" என்றாள்.

நான் கத்தினேன். மண், பாரம், ஐந்நூறு பேர் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் பதினொன்றாம் வகுப்பு வரை படித்தவள், நான் சொன்னது எல்லாம் அவளுக்குப் புரிந்தது. புரிந்துகொண்டே வயிற்றில் கையை வைத்து அழுதாள். போன தடவையும் அப்படித்தான் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள், அதன் பிறகு இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. அந்தக் கையைப் பார்த்துவிட்டு என் அறைக்குப் போய் வரைபலகையின் முன் உட்கார்ந்தேன்.

நிரப்பவில்லை. செங்கல் உறைக்கு உள்ளே, மேலிருந்து அடிப்பாறை வரை ஒரு கான்கிரீட் வளையம் கட்டினேன். மேலே கம்பி கட்டிய மூடி. மூடியின் நடுவே அதே இரும்புக் குழாய். ஒரு மாடிக்கும் அதன் கூட்டத்துக்கும் வளையம் தாங்கும் என்று மூன்று முறை கணக்குப் போட்டேன், மூன்று முறையும் சரியாக வந்தது. அதுவரை நான் செய்தது ஒரு வடிவமைப்பு. அதற்குப் பிறகு செய்ததுதான் தப்பு. கிணற்றை வரைபடத்தில் காட்டினால் நிரப்பச் சொல்லி உத்தரவு வரும். அதனால் காட்டவில்லை. முடித்துக் கொடுத்த வரைபடத்தில் அந்த இடத்தில் 'சைக்கிள் நிறுத்துமிடம்' என்று எழுதினேன். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஓவர்சீயர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். "நாளைக்கு இதுக்கு மேல இன்னொரு மாடி கட்டினா சார்?"

"யாரு கட்டப்போறாங்க?" என்றேன்.

மகள் பத்தாம் மாசம் நல்லபடியாகப் பிறந்தாள். கிணற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும், இன்றுவரை தெரியும். ஆனால் குழாயைத் துடைப்பதை அன்றோடு நிறுத்திவிட்டேன். திறப்பு விழாவன்று மேலே நாடகம். ஊரே சிரித்துக் கைதட்டிக்கொண்டிருக்க, நான் கீழே மூலைத் தூணில் உள்ளங்கையை வைத்தபடி நின்றேன். தூணுக்குப் பக்கத்துச் சுவரில் மயிரளவு விரிசல் ஒன்று விட்டது. அதன் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டால் ஒட்டிவைத்தேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒவ்வொரு மழைக்கும் போய்ப் பார்ப்பேன். வாக்கிங் போகிறேன் என்று வீட்டில் சொல்வேன், யாரும் எங்கே என்று கேட்டதில்லை.

எட்டு வயதில் என் மகள் அங்கே டேபிள் டென்னிஸ் ஆட ஆரம்பித்தாள். அந்த அறை வடகிழக்கு மூலை அறை. சைக்கிளை அந்தக் குழாய்க்குப் பக்கத்தில்தான் நிறுத்துவாள். குழாயில் யாரோ மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் தொட்டுக் கும்பிட ஆரம்பித்திருந்தார்கள். வேறு ஏதாவது கற்றுக்கொள்ளேன் என்று அவளிடம் பல தடவை சொல்லிப் பார்த்தேன். ஏன் என்று கேட்டாள். எரிந்து விழுந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சாயங்காலம், சுருட்டிய வரைபடங்களோடு ஓர் இளம் எஞ்சினியர் வீட்டுக்கு வந்தார். மன்றத்தின்மேல் இன்னொரு மாடி கட்டப்போகிறார்களாம். டெலிவிஷன் கூடமும் உடற்பயிற்சிக் கூடமும். நான் வரைந்ததையே என் முன்னால் விரித்தார். மரியாதையான பையன், வேலை தெரிந்தவன். என் கணக்குகளைப் புகழ்ந்துவிட்டு, பேனாவைத் திறந்து, அதே படிவத்தின் அதே கேள்வியைக் கேட்டார்.

"பழைய கிணறு, குழி ஏதாவது இருந்துதுங்களா சார்?"

"நாலு மூலையிலும் குழி வெட்டிப் பாத்தோம்" என்றேன். அது உண்மை. "கெட்டி மண்ணு" என்றேன். அதுவும் உண்மை. என் கையெழுத்து அந்தத் தாளில் பெரிதாகத் தெரிந்தது. அன்று மறைத்தது மனைவிக்காக. ஒன்பது வருஷம் கழித்தும் மறைப்பது யாருக்காக என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. காப்பி ஆறிவிடும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"இருக்குதுங்க."

கதவோரம் மாமியார் நின்றுகொண்டிருந்தார். வெளியாட்கள் முன்னால் பேசுகிற வழக்கமே இல்லாதவர்.

"வடகெழக்கு மூலயில. எங்க வூட்டுக் கெணறு. நாங்கதான் மூடினோம்."

பையன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"இத்தன வருஷம் வாயத் தொறக்கல" என்றார் மாமியார், என்னைப் பார்த்து. "பொண்ணு இப்ப அங்கதான் ஆடிகினு இருக்குது மாப்ள. எம்மேல மாடி கட்டினாலும் நான் பேசாம இருப்பேன், அவ மேல கட்ட விட மாட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். வளையம், மூடி, காட்டாமல் விட்டது, கையெழுத்து. பையன் எழுதிக்கொள்ளவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். நாளைக்கே மன்றத்தைப் பூட்டச் சொல்லி நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். என் தொழில் என்னவாகும் என்ற யோசனை அப்போது வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். மகள் ஆறரைக்கு வந்துவிடுவாள். மணி ஆறே முக்கால்.

மாமியார் வாசலில் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் மனைவியும். வாயால் சொல்லக் கூடாத 'மூடினோம்' என்பதை இன்றுதான் வெளியாள் முன்னால் சொல்லியிருக்கிறார் என்பது மூன்று பேருக்கும் தெரியும். நானும் எழுந்து செருப்பைத் தேடினேன். ஒரு கால் கிடைத்தது, மற்றது கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் அந்தக் கண்ணாடித் துண்டு உடைந்துதான் கிடக்கிறது என்று நான் நம்பினேன். கணக்குத் தெரிந்தவன்தான், நம்பினேன்.

ஏழு பத்துக்கு அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெரு திரும்பினாள். பஞ்சராம்.

மாமியார் திட்டவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார். அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவள் இடது மணிக்கட்டை விடவில்லை. வலிக்குது விடச் சொல்லுப்பா என்றாள் என்னிடம். நான் சொல்லவில்லை.